கிடாரை ஒப்பிடும் முன் கம்பியை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விலையுயர்ந்த அக்கூஸ்டிக் கிடார்களைப் பற்றிய உங்கள் கட்டுரை மார்ட்டின் டி-28, டெய்லர் 814சிஇ, கிப்ஸன் ஜே-45 மூன்றையும் கடையில் வாசித்துப் பார்த்து, டெய்லர் விரலுக்கு இலகு, மார்ட்டினுக்கு ஒலி கனம் என்று முடிக்கிறது. முடிவில் பெரிய தவறில்லை. வந்த வழிதான் சரியில்லை.

கடையில் தொங்கும் கிடாரில் கம்பி எப்போது மாட்டியது என்று யாரும் கேட்பதில்லை. பழங்கம்பியில் மேல் சுரங்கள் மங்கிவிடும், பழி மரத்தின் மேல் விழும். மூன்றிலும் ஒரே 12–53 (கம்பித் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில்) பாஸ்பர் பிரான்ஸ் கம்பி செட் மாட்டி, ஒரே பிக்கால் (மீட்டும் சிறு தகடு) வாசித்தால்தான் அது ஒப்பீடு.

விரலுக்கு இலகு என்பதில் பெரும்பங்கு செட்டப், அதாவது கம்பி உயரத்தையும் கழுத்து வளைவையும் சரிசெய்து வைப்பது. 12ஆம் ஃப்ரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல் கம்பி நிற்கும் உயரம், தடித்த ஈ கம்பிக்கு 2.4 மி.மீ., மெல்லிய ஈ கம்பிக்கு 1.8 மி.மீ. இருக்கட்டும். அதற்கு முன் கழுத்தின் வளைவைப் பார்க்க வேண்டும். 1ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, 14ஆம் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தினால் 7ஆம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 0.2 மி.மீ. அளவுக்கு இடைவெளி தெரிய வேண்டும். கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடு இந்த வளைவைச் சரிசெய்யத்தான். உயரத்தைக் குறைக்க அதைத் திருகுவது பரவலான தவறு. உயரம் குறைவது சேடிலில் (உடலில் ஒட்டிய பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் பட்டை): 12ஆம் ஃப்ரெட்டில் அரை மி.மீ. இறங்க, சேடிலின் அடியில் 1 மி.மீ. தேய்க்க வேண்டும். சென்னை ஈரத்தில் மேற்பலகை உப்பி, இந்த அளவெல்லாம் தானே ஏறும். ஈரப்பதம் 45–55 சதவீதத்தில் வைத்த பிறகு அளப்பதே முறை.

செட்டப்பால் மாறாத வேறுபாடுகளும் உண்டு. ஜே-45இன் ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) 24¾ அங்குலம், டி-28இல் 25.4. அதனால் ஜே-45இல் அதே கம்பிக்கு இழுவிசை சுமார் 5 சதவீதம் குறைவு; விரலுக்கு மென்மை. மூன்றிலும் மேற்பலகை சிட்கா ஸ்ப்ரூஸ்தான். ஜே-45இன் முதுகு மஹோகனி என்பதால் சுரம் நறுக்கென்று வந்து சீக்கிரம் அடங்கும். பாட்டுக்குத் துணை வாசிக்க எனக்கு அதுவே மேல். மற்ற இரண்டின் முதுகும் இந்திய ரோஸ்வுட், நம் ஈட்டி மரம். கார்வை நீளும்.

கட்டுரை தொடாதது கழுத்து இணைப்பு. டெய்லரில் கழுத்து போல்ட்டால் பொருத்தப்படுகிறது. 1999இல் வந்த கழுத்து முறையில் மெல்லிய ஷிம்மை (இடையில் வைக்கும் துண்டு) மாற்றியே கோணத்தைத் திருத்தலாம். மார்ட்டின் டி-28இலும் கிப்ஸன் ஜே-45இலும் டவ்டெயில் (புறாவால் வடிவில் செதுக்கிக் கோத்த) பசை இணைப்பு, ஆவி செலுத்திக் கழற்ற வேண்டும். பழைய டி-28 வாங்குவோர் ஃப்ரெட்டுகளின் மேல் நேர் அளவுகோலை வைத்துப் பார்க்கட்டும். அதன் முனை பிரிட்ஜின் மேல்முகத்தைத் தொடாமல் கீழே இடித்து, சேடிலும் தேய்ந்து தாழ்ந்திருந்தால், கழுத்தைக் கழற்றிப் பொருத்தும் கூலியை விலையில் கழித்தே பேச வேண்டும்.

வாசகர், சென்னை