பீங்கானைத் திருப்பிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டு வீடுகளிலிருந்து விலைக்குப் போகும் பழைய சாமான்களைப் பற்றிச் சென்ற வார ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். தூண், கதவு, மரப்பெட்டி எல்லாவற்றுக்கும் விவரம் இருந்தது. பீங்கானை மட்டும் ‘சீனத்துச் சாமான்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் ஜப்பானில் செய்த பீங்கானும் நிறைய உண்டு. அது தெரியாமல் அடிமாட்டு விலைக்குக் கொடுக்கிறார்களே என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

காரைக்குடி அருகே என் மாமியார் வீட்டில் பங்கு பிரித்தபோது, என் மாமனாரின் தகப்பனார் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பீங்கான் முழுதும் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், வந்து இறங்கியது. வாங்க வந்த வியாபாரி, “இதெல்லாம் வெறும் ஜப்பான் சாமான் ஆச்சி, டீக்கடைக்குத்தான் ஆகும்” என்று மொத்தமாக ஒரு தொகை சொன்னார். கொழுந்தனார் தன் பங்கைக் கொடுத்துவிட்டார். அதில் ஒரு தட்டைப் பிறகு ஒரு கடையில் பார்த்தேன். ‘சீன ராஜா காலத்தது, இருநூறு வருஷம்’ என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தார்கள்.

என் பங்குக்கு வந்த டீ செட்டைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் பச்சை நிறத்தில் ஓர் இலை வளையம், அதற்குள் ‘எம்’ என்ற ஆங்கில எழுத்து. நோரிடாக்கே என்ற ஜப்பான் பீங்கானின் முத்திரை அது. எம் என்பது மொரிமுரா குடும்பத்தைக் குறிக்கும். அவர்கள் 1904-ல் ஜப்பானின் நகோயா பக்கம் தொடங்கிய தொழிற்சாலை அது. வளையத்தோடு ‘நிப்பான்’ என்றும் இருக்கிறது. அதைக் கம்பெனிப் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள், ஜப்பானியர் தங்கள் நாட்டைச் சொல்லும் பெயர்தான். இறக்குமதிச் சாமானில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890-ல் அமெரிக்கா சட்டம் போட்டது. 1921 வரை நிப்பான் என்று எழுதி அனுப்பினார்கள். அதன்பின் ‘ஜப்பான்’ என்றே எழுதச் சொல்லிவிட்டது அமெரிக்கச் சுங்கத்துறை. ‘ஆக்குபைடு ஜப்பான்’ என்று இருந்தால், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் அந்நியப் படைகளின் பிடியில் இருந்தபோது, 1952-க்குள் செய்தது. ஆக, ஒரு சொல்லை வைத்தே காலத்தை ஓரளவு பிடித்துவிடலாம். ஆனால் ரங்கூனுக்கும் மதராஸுக்கும் வந்த சரக்கை அமெரிக்கச் சட்டம் கட்டுப்படுத்தாதே! அதனால் எழுத்தே இல்லாத ஜப்பான் சாமானும் இருக்கும். போலி நிப்பான் முத்திரைகளும் சந்தையில் உண்டு.

சீன எழுத்து இருக்கிறதே என்றும் முடிவுகட்டிவிட வேண்டாம். ஜப்பானியர் எழுதுவதிலும் அந்த எழுத்துகள் உண்டு. அதுபோக, ஜப்பானின் அரிட்டா ஊரில் செய்த நீலத் தட்டுகளில் சீன மிங் அரசர்களின் பெயரையே அடியில் எழுதியிருப்பார்கள். அவற்றில் வேறோர் அடையாளம் தேட வேண்டும். சூளையில் தட்டின் நடுப்பகுதி தொய்ந்துவிடாமல் இருக்க, கீழே சின்னச் சின்ன மண் முட்டுகள் கொடுத்துச் சுடுவார்கள். அந்த முட்டுகளை உடைத்தெடுத்த தடம் அடியில் புள்ளி புள்ளியாக நிற்கும். விரலால் தடவினால் சொரசொரக்கும். பழைய அரிட்டா தட்டுக்கு அது நல்ல சாட்சி. வட்டத்துக்குள் சிலுவைக் குறி இருந்தால் அது ஜப்பானின் சத்சுமா பகுதியை ஆண்ட ஷிமாசு குடும்பத்தின் சின்னம். ஏற்றுமதிக்குச் செய்த பிற்காலச் சாமானிலும் அதைத் தாராளமாகப் போட்டார்கள் என்பதால், அதை மட்டும் நம்பி வயது சொல்லக் கூடாது.

எங்களிடம் இன்னொரு கோப்பை இருக்கிறது. வெளியே டிராகன் உருவம் புடைத்து நிற்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அடிப்பக்கத்தில் ஒரு ஜப்பானியப் பெண்ணின் முகம் தெரியும். பீங்கானை அந்த இடத்தில் கனமும் மெல்லிசுமாக வார்த்திருப்பதால் வருவது. இப்படிக் கோப்பைகள் 20-ஆம் நூற்றாண்டில் ஏராளமாக வந்தவை. பெரிய விலை போகாது. அதனால் என்ன, அந்த வேலைப்பாட்டுக்கு ஈடு உண்டா?

பழைய பீங்கான் வைத்திருப்பவர்கள் அதை ஆசிட், சபீனா போட்டுத் தேய்க்க வேண்டாம். மேல்பூச்சாகப் போட்ட முத்திரையும் தங்க ரேக்கும் அதோடு போய்விடும். வியாபாரியைக் கூப்பிடும் முன் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் காந்தி மியூசிய வளாகத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. மாதம் ஒரு நாள் மக்கள் தங்கள் வீட்டுப் பீங்கானைக் கொண்டுவந்து காட்ட அங்கே ஏற்பாடு செய்தால் புண்ணியமாகப் போகும். நீங்களும் இனிமேல் பீங்கான் படம் போடும்போது அதன் அடிப்பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிம்மக்கல், மதுரை.