கல்லுக்கான மருந்து எல்லாச் சிறுநீரகத்துக்கும் அல்ல

ஆசிரியருக்கு,

கோடையில் சிறுநீரகக் கல்லைத் தடுப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எலுமிச்சையில் இருந்து வரும் சிட்ரேட், சிறுநீரில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கல் உருவாகாமல் தடுக்கும் என்று எழுதியிருந்தது சரிதான். ஆனால் கல் உள்ளவருக்கு நல்லது என்றால் சிறுநீரகம் செயலிழந்து வருபவருக்கும் நல்லது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கட்டுரை அதைத் தொடவில்லை. கல்லுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் சிட்ரேட் சிரப்புகள் பலவற்றில் சிட்ரிக் அமிலத்தோடு பொட்டாசியம் சிட்ரேட்டும் இருக்கிறது. பழுதான சிறுநீரகத்தால் அந்தப் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

என் மாமனாருக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதாகி, அது வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் கூடியிருந்தது. நீர்க்கடுப்புக்கு எப்போதோ எழுதிக் கொடுத்த இதே பொட்டாசியம் சிட்ரேட் சிரப்பை, காலி பாட்டிலைக் காட்டியே கடையில் வாங்கி, தினமும் இரண்டு மூடி தண்ணீரில் கலந்து குடித்துவந்தார். கால் துவண்டு அவர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்ட அன்று பொட்டாசியம் 6.4. சுமார் மூன்றரைக்கும் ஐந்துக்கும் இடையே நிற்க வேண்டியது அது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். மருந்துக் கடைகளில் இந்தச் சிரப்பைக் கொடுக்கும் முன், 'கிரியாட்டினின் பார்த்தீர்களா?' என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆவன செய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், கரூர்