காலண்டர் தாளுக்கு நன்றி

எங்கள் ரத்தக்குழாய் அறுவை வார்டு சொந்தங்களுக்கு,

நேற்று சாயங்காலம் எல்லார் முன்னாலும் நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டேன். வெளியே வந்த பிறகும் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஐப்பசி ராத்திரியைப் பற்றியும், மறுவாரம் நான் பெட்டியைக் கட்டியதைப் பற்றியும் இங்கே எழுதப் போவதில்லை. கூட இருந்தவர்கள் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா?

நன்றி முதலில் நைட் டியூட்டி அட்டெண்டர் அக்காவுக்கு. பெயர் போட்டால் திட்டுவார். முக்கூடல் பஸ்ஸில் வருகிற அக்கா என்றால் வார்டில் எல்லாருக்கும் தெரியும்.

காலுக்குப் போகும் ரத்தக்குழாய் திடீரென்று அடைத்துக்கொண்டால் தசையும் நரம்பும் தாங்குவது சுமார் 6 மணி நேரம். அதில் எங்கள் கையில் எவ்வளவு வீணாகிறது என்று பார்ப்பதுதான் எனக்குத் தந்த தர மேம்பாட்டுப் பயிற்சி. அமெரிக்காவில் 2011-ல் தொடங்கிய, ரத்தக்குழாய் சிகிச்சைகளைப் பதிந்து வைக்கும் வாஸ்குலர் குவாலிட்டி இனிஷியேட்டிவ் பதிவேட்டை வைத்து அங்குள்ள பயிற்சி டாக்டர்கள் ஒரு வழிகாட்டியின் கீழ் இந்த வேலையைப் பழகுகிறார்கள். எனக்கு வாய்த்தது வழிகாட்டி சாரும் ஒரு கட்டு பழைய கேஸ் ஷீட்டும். மூன்று வாரம் உட்கார்ந்து நேரங்களை எக்ஸெலில் ஏற்றிக் காட்டினேன். சார் ஒரு நிமிஷம் பார்த்தார். "என்னம்மா, எல்லா நோயாளியும் மணியடிச்ச மாதிரி 10.00, 10.30, 11.00னு வந்திருக்காங்களே?" என்றார். எல்லாம் வேலை முடிந்து, ஞாபகத்திலிருந்து எழுதிய நேரம். அதில் என் கையெழுத்தும் நிறைய உண்டு.

அன்று மாடிப்படியில் உட்கார்ந்து அழுததை அக்கா பார்த்திருக்கிறார். பிளாஸ்க் மூடியில் கருப்பட்டிக் காப்பியை ஊற்றி நீட்டினார். "மணிதான எழுதணும் டாக்டரம்மா? அதுக்கா அழுதிய?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து ஒரு மஞ்சள் பை வந்தது. உள்ளே கிழித்த தினசரி காலண்டர் தாள்கள், பின்பக்கம் பென்சில் எழுத்து. "1.20 ஸ்ட்ரெச்சர் வந்துது. 1.35 டாக்டர். மிஷின் சாவி தேடுனாவ. 2.15 மிஷின்." மொத்தம் ஒன்பது தாள். ஆறில் "சாவி" என்று இருந்தது.

அந்த மிஷின்தான் டாப்ளர், காலில் ரத்தம் ஓடுகிறதா என்று காட்டுவது. முன்பு எப்போதோ அதன் புரோப், அதாவது தோலில் வைக்கும் முனை, காணாமல் போனதால் அதை பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். ராத்திரியில் அந்தச் சாவி வேறு பிளாக்கில் இருக்கும். யாரும் தப்பு செய்யவில்லை, ஆனால் கால் காத்துக் கிடக்கிறது. கேஸ் ஷீட்டில் சாவிக்கு ஏது கட்டம்?

எப்படி விடாமல் எழுதினீர்கள் என்று கேட்டேன். அக்கா பகலில் வீட்டில் பீடி சுற்றுகிறவர். "கட்டுக்கு 25. எண்ணி எழுதி வைக்கலேன்னா கடையில கொறச்சுச் சொல்லிருவாவ. எழுதி எழுதிப் பழகிட்டு, பாத்துக்கிடுங்க."

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 1908-ல் லியோ பர்கர் விவரித்த, புகையிலையால் கைகால் ரத்தக்குழாய் அடைக்கும் நோயோடு, விரல் கறுத்துப்போய் நம் வார்டுக்கு வருகிற இளவயதுக்காரர்களிடம் முதலில் பீடியை விடு என்றுதான் கெஞ்சுகிறோம். விடாவிட்டால் மருந்தும் கத்தியும் பிரயோஜனமில்லை. அந்த பீடியைச் சுற்றுகிற கைதான் இந்தத் தாள்களையும் எழுதியது. ஒருமுறை அக்காவிடமே சொன்னேன். "பகலுக்கு வேற வேல குடுங்க, விட்டுருதேன்" என்றார். நான் பேசாமல் காப்பியைக் குடித்தேன்.

அப்புறம் சார் சொன்னபடி ஒரே ஒரு மாற்றம், ஒரே ஒரு ராத்திரி. சாவியை எமர்ஜென்சி ட்ராலியின் மேல் டிராயரில் வைத்தோம். முதல் ராத்திரி சாவி இருந்தது, டாப்ளரில் சார்ஜ் இல்லை! இரண்டாம் சுற்றில் சார்ஜரும் பட்டியலில் ஏறியது. இப்போது டியூட்டி மாறும்போது இரண்டையும் பார்த்துத்தான் ஒப்படைக்கிறார்கள். வெற்றி என்று சொல்லிக்கொள்ள சார் விடவில்லை. நேரங்களை வரிசையாகப் புள்ளி வைத்துப் பார்க்கும் ரன் சார்ட்டில் நடுக்கோட்டுக்கு ஒரே பக்கமாக வரிசையாக 6 புள்ளி விழட்டும், அப்புறம் பேசு என்கிறார். சரி, காத்திருக்கிறேன்.

வழிகாட்டி சார், சாவியை விட்டுக்கொடுத்த இன்சார்ஜ் சிஸ்டர், நைட் சிஸ்டர்கள், மயக்க மருந்து டாக்டர்கள், ஸ்ட்ரெச்சர் அண்ணன்கள், கட்டிய பெட்டியை அவிழ்த்துத் துணியை மறுபடி அலமாரியில் அடுக்கிய ரூம்மேட், எல்லாருக்கும் சேர்த்து நன்றி. அந்த ராத்திரியின் நோயாளியுடைய மகனுக்குத் தனியாக எழுதுகிறேன். அவருக்கு எழுதுவதைப் பொதுவில் வைக்க எனக்கு மனசில்லை.

இனி என் கேஸ் ஷீட்டில் 1.17 என்றால் 1.17தான். வட்டமான நேரம் கண்ணில் பட்டால் ஜூனியர்கள் தாராளமாகக் கேட்கலாம்.

அக்கா, காலண்டர் தாளின் பின்பக்கம் சமையல் குறிப்பு அடித்துவிடுகிறான், எழுத இடமில்லை என்று குறைப்பட்டீர்களே. வருகிற வருஷத்துக்குப் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிற காலண்டராக ஜங்ஷனில் கடை கடையாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
டாக்டரம்மா