கிளினிக் பதிவுகளிலிருந்தே தொடங்கலாம்

ஆசிரியருக்கு,

பிள்ளைகளின் உடல்நலம் பற்றிய நீண்டகால ஆய்வுக்குச் சட்டம் இயற்றி நிதி ஒதுக்க வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தை வரவேற்கிறேன். ஆனால் சட்டம் மட்டும் போதாது. அமெரிக்கா 2000ஆம் ஆண்டிலேயே அப்படியொரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு இலட்சம் பிள்ளைகளைக் கருவிலிருந்து 21 வயதுவரை தொடர்வதாகத் திட்டம். வடிவமைப்பும் நிர்வாகமும் சிக்கலாகி, செலவும் ஏறி, 2014 டிசெம்பரில் அதைக் கைவிட்டார்கள். எல்லாவற்றையும் புதிதாகக் கட்டப் போனால் நமக்கும் அதே கதிதான்.

இலங்கையில் நம்மிடம், தாய்மாரையும் பிள்ளைகளையும் கவனிக்கும் குடும்பநல மாதுகள் இருக்கிறார்கள். பிறந்த நாள் முதல் நிறையும் தடுப்பூசியும் பதியும் வழக்கம் இருக்கிறது. அந்தப் பதிவு தொலைந்தால் என்ன ஆகும் என்பது வன்னிக்குத் தெரியும். 2009 போர்க்கால இடப்பெயர்வில் கிளினிக் அட்டையைப் பறிகொடுத்த பெற்றோர் பலரை, கிளிநொச்சியில் ஆசிரியராக இருக்கும் நான் அறிவேன். பிள்ளையின் பிறப்பு நிறையைக் கேட்டால் அவர்களால் சொல்ல முடிவதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எந்த ஆய்வு எதைக் கண்டறியும்? எனவே முதல் ஒதுக்கீட்டில், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் கிளினிக் பதிவுகளைக் கணினியில் ஏற்றுங்கள்; குடும்பநல மாதுகளின் வெற்றிடங்களையும் நிரப்புங்கள்.

ஓர் ஆசிரியர்,
கிளிநொச்சி