சனிக்கிழமை காலையில் அழைக்காதே

பூசான், தென் கொரியா,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற வாரம் பேசியபோது, சனி ஞாயிறு முழுக்க அந்த ஒற்றை அறையிலேயே அடைந்து கிடக்கிறீர்களா என்று கேட்டாய். குழந்தை அழுத சத்தத்தில் நானும் "இல்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அதை நீ நம்பவில்லை என்பது உன் குரலிலேயே தெரிந்ததால் விவரமாக எழுதுகிறேன்.

முதல் ஒன்றரை மாதம் நீ நினைத்தபடிதான் கழிந்தது. துணி துவைப்பதும், விடைத்தாள் திருத்துவதும், இருட்டுவதற்குள் கடைக்குப் போய் முட்டைகோஸும் தயிரும் வாங்கி வருவதுமே என் விடுமுறையாக இருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் துறை அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் என் அறைக்கு வந்து, எடுத்த எடுப்பிலேயே என் காலணி அளவு என்ன என்று கேட்டாள். எட்டு என்றேன், திகைத்துப் போனாள். இந்த நாட்டில் காலணியை மில்லிமீட்டரில்தான் அளப்பார்களாம். என் பாதத்தை ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்து, அளவுகோலை வைத்துப் பார்த்து, 270 என்று குறித்துக்கொண்டு போனாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு பொமொசா மெட்ரோ நிலையத்தின் வாசலில், அவளுடைய தந்தையின் மலையேற்றக் காலணிகள் ஒரு துணிப்பையில் எனக்காகக் காத்திருந்தன.

அன்று நாங்கள் ஆறு பேர்: எங்கள் துறையின் மூத்த பேராசிரியர், அந்தப் பெண், ஆய்வு மாணவர்கள் இருவர், அருகிலுள்ள பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் தென்னாப்பிரிக்க இளம்பெண், நான். ஏறியது கும்ஜொங்சான் மலை; அதன் உச்சி 801.5 மீட்டர்தான் என்றாலும், சுற்றியிருந்தவர்கள் அணிந்திருந்த உடைகளையும் கையில் பிடித்திருந்த ஊன்றுகோல்களையும் பார்த்தபோது இமயமலைக்கே புறப்பட்டவர்கள்போல் இருந்தது. அடிவாரத்தில் 678-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் பொமொசா என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. வானுலகிலிருந்து ஒரு பொன்மீன் இறங்கி வந்து, மலைமேலுள்ள பொற்கிணற்றில் நீந்தியதாம். அதனால்தான் இந்தப் பெயர் என்று பேராசிரியர் விளக்கினார். அந்தப் பெயரின் முதல் எழுத்து நம் பிரம்மனைக் குறிக்கும் சீன எழுத்து என்று அவர் சொன்னபோது, அதைக் கேட்பதற்காகவே என்னை அங்கு நிறுத்தி வைத்திருந்தார் என்று தோன்றியது.

உச்சிக்குச் சற்றுக் கீழே, எங்களுக்கு முன்பின் தெரியாத இரண்டு மூதாட்டியர் பையைத் திறந்து, உரித்த வெள்ளரிக்காயை ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டுப் போனார்கள். அலுவலகப் பெண் அப்போது வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். "அப்பா!" என்று அவள் கூப்பிட்டதும் நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். கொரிய மொழியிலும் அப்பா, அப்பாதான். காலணிகள் எனக்குப் பொருந்திவிட்டன என்ற செய்தியைத்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இறங்கியதும் ஓர் உணவகத்தில் தரையில் அமர்ந்தோம். எல்லோருக்கும் பரிமாறட்டும் என்று நான் நம் வழக்கப்படி காத்திருந்தேன். பரிமாறி முடிந்த பிறகும் ஒருவரும் சாப்பிடவில்லை. ஆவி பறந்த சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. ஆறு பேரும் கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தோம். வயதில் மூத்தவர் கரண்டியைத் தொடாமல் மற்றவர் தொடக்கூடாது என்பது இங்குள்ள மரியாதை என்றும், காலையில் மெட்ரோ வாசலில் என் வயதைக் கேட்டது இதற்காகத்தான் என்றும், பேராசிரியரைவிட நான் இரண்டு வயது மூத்தவன் என்றும் தென்னாப்பிரிக்கப் பெண் என் காதில் சொன்ன பிறகே கரண்டியை எடுத்தேன். அந்தச் சூப்பு நெத்திலி வேகவைத்த நீரில் செய்யப்படுவது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரியவந்தது. அம்மாவிடம் கடிதத்தைக் கொடுக்கும் முன் இந்த இடத்தை மட்டும் மடித்துவிடு.

பணம் கொடுக்கும் விதமும் நமக்குப் புதிது. நான் பணப்பையை எடுப்பதற்குள் பேராசிரியர் சாப்பாட்டுக்குக் கொடுத்துவிட்டார். அடுத்துப் போன கடையில் காப்பிக்கு ஆய்வு மாணவர் கொடுத்தார். நான் தடுக்கப் பார்த்ததற்கு, அடுத்த முறை நீங்கள் என்றார்கள். மரியாதைக்காகச் சொல்வது என்று எண்ணியிருந்தேன். புதன்கிழமையே, இங்கு எல்லோரும் கைப்பேசியில் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் காக்காவ் டாக் செயலியின் எங்கள் குழுவில், அடுத்த வாரம் கிம்ஹே நகரம், மதிய உணவு என் பொறுப்பு என்று செய்தி வந்துவிட்டது.

கிம்ஹேக்கு சாசாங் நிலையத்திலிருந்து ஓட்டுநர் இல்லாத சிறு ரயிலில் போகலாம். கொரியாவின் பழைய கயா அரசின் மன்னர் சுரோவுக்கும் அவருடைய அரசி ஹோ ஹ்வாங்-ஒக்குக்கும் அங்கே கல்லறை மேடுகள் இருக்கின்றன. கி.பி. 48-இல் தம் பதினாறாம் வயதில் ஆயுத்த நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர் அந்த அரசி என்று 13-ஆம் நூற்றாண்டில் ஒரு துறவி தொகுத்த நூல் கூறுகிறது. ஆயுத்த என்பதை அயோத்தி என்பார் உண்டு. நம்மவர்களில் சிலர் குமரிக்கரை என்பார்கள். கல்வெட்டுச் சான்று இல்லாத ஒன்றில் ஊர்ப் பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால், கடலைச் சாந்தப்படுத்த அவர் கப்பலில் ஏற்றி வந்ததாகச் சொல்லும் கற்களால் ஆன சிறு கோபுரத்தின் முன் நின்றபோது, அந்த மன்னர், அரசியின் வழிவந்ததாகச் சொல்லிக்கொள்ளும் கிம்ஹே கிம் குலத்தைச் சேர்ந்த ஆய்வு மாணவர் என்னிடம், "என் பாட்டியின் ஊர்க்காரர் நீங்கள்" என்று வணங்கிச் சொன்னார். மறுத்து விளக்கம் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை.

கரோக்கே பாட்டு அறைக்கும் ஒருமுறை இழுத்துச் சென்றார்கள். அதைப் பற்றி எழுதுவதற்கில்லை.

பேராசிரியர் படித்த காலத்தில் சனிக்கிழமையும் பள்ளி உண்டாம். பள்ளிகளுக்கு எல்லா வாரமும் ஐந்தே நாள் என்றானது 2012-இல்தான் என்றார். கிடைத்த இரண்டு நாளையும் வீட்டில் உறங்கிக் கழிக்க மனம் வரவில்லை என்று அவர் சொன்னபோது, நீ பள்ளியில் படித்த ஆண்டுகளில் ஞாயிறுதோறும் நான் தனிப்பயிற்சி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. முக்கொம்புக்கு ஒருநாள் அழைத்துப் போகச் சொல்லி நீ கேட்டுக்கொண்டே இருந்தாய்.

அடுத்த மாதம் அனுப்பும் பார்சலில், அம்மா சுடும் கைமுறுக்கு கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். மலையில் பங்கிட என் பங்குக்கும் ஏதாவது வேண்டும். 270 அளவில் சொந்தமாகக் காலணி வாங்கிவிட்டேன், இரவல் காலணிகளைத் துடைத்து வைத்திருக்கிறேன், அவற்றோடு ஒரு பொட்டலம் அந்தத் தந்தைக்கும் போக வேண்டும்.

வழக்கம்போல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அழைக்காதே. இங்கே அப்போது பதினொன்றரை. நான் ஏற்றத்தில் இருப்பேன், மூச்சு வாங்குவதைக் கேட்டு நீ பயந்துவிடுவாய். உங்கள் நேரம் மாலை மூன்று மணிக்கு அழை. குழந்தையையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா