பக்கத்துக் கட்டில்காரனுக்கும் மற்றவர்களுக்கும்

அமராவதிநகர் சைனிக் பள்ளியில் எங்களோடு இருந்த எல்லோருக்கும் வணக்கம்.

ஆசிரியர்களுக்குப் பழைய மாணவர் கூட்டத்தில் சால்வை போட்டு நன்றி சொல்லியாகிவிட்டது. மேடைக்கு வராதவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் பி.டி. ஹவில்தார் சாருக்கு. ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது எங்களில் பாதிப் பேருக்கு ஷூ லேஸ் கட்டவே அம்மா வேண்டும். காலையில் வரிசையில் நிற்கும் ஃபால்-இன்னில் ஒருவன் பெல்ட் பக்கிள் மங்கலாக இருந்தால் சார் அவனை எதுவும் கேட்க மாட்டார். "இவனுக்குப் பக்கத்துக் கட்டில் யாரு?" என்பார். அவனும் முன்னால் வர வேண்டும். இருவரும் சேர்ந்து மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும், அவ்வளவுதான். கொஞ்ச நாளில், விளக்கு அணைப்பதற்குள் அடுத்தவன் பக்கிளை வாங்கிப் பார்த்து, பழைய பனியன் துணியில் பிராஸோ பாலிஷ் தொட்டுத் தேய்த்துக் கொடுப்பது பழக்கமாகிவிட்டது.

ஒருவன் தப்புக்கு மொத்த விடுதியையும் நிறுத்தி வைக்கும் முறை பல இடங்களில் உண்டு. அதில் பொறுப்பு வளர்வதைவிட அந்த ஒருவன் மேல் கடுப்புதான் வளரும் என்பது என் எண்ணம். சார் அதை இரண்டு பேராகச் சுருக்கியதுதான் கெட்டிக்காரத்தனம்.

அப்புறம், கிராஸ் கன்ட்ரியில் எனக்காகத் திரும்பி வந்த சீனியர் அண்ணனுக்கு. நேரத்துக்குள் ஓடி முடிக்கும் ஒவ்வொருவனுக்காகவும் அவன் ஹவுஸுக்கு, அதாவது விடுதி அணிக்கு, ஒரு பாயின்ட் உண்டு. நானோ குண்டுப் பையன். முன்னாலேயே முடித்துவிட்டவர், வேர்வை காயாமல் எதிரே ஓடிவந்து, "பேசாதே, மூச்சை மட்டும் பாரு" என்று என் பக்கத்திலேயே ஓடினார். எனக்குக் கிடைத்த அந்த ஒரு பாயின்ட்டில் முக்கால்வாசி அவருடையது.

காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்த மெஸ் அண்ணன்களுக்கும், பித்தான் தைத்துக் கொடுத்த மேட்ரன் அம்மாவுக்கும் தனியாக ஒரு மடலே எழுதலாம்.

கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த 1961இல் சைனிக் பள்ளிகள் தொடங்கின. அணைக்கட்டுப் பக்கத்தில் எங்கள் பள்ளி 1962இல் வந்தது. முப்படை அதிகாரிகளாகப் போகிறவர்களுக்குப் பயிற்சி தரும் என்.டி.ஏ.வுக்கு ஆள் தயார் செய்வதுதான் நோக்கம். அதற்கான எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வில் தேறாமல் திரும்பிய என்னைப் போன்றவர்களும் உண்டு. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் லைன் பார்க்கிறேன். தையல் விட்டுப்போன பீஸ் ஓவர்லாக் மெஷினைத் தாண்டி அடுத்த பேட்லாக் மெஷினுக்கு வந்துவிட்டால், இரண்டு மெஷின் டெய்லர்களையும் ஒன்றாகக் கூப்பிட்டுத்தான் பேசுவேன். யாரிடம் படித்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

கடைசியாக, என் பக்கத்துக் கட்டில்காரனுக்கு. நீ இப்போது எல்லையில் எங்கேயோ இருக்கிறாய். எனக்காக நீ ஓடிய சுற்றுகளுக்கு நன்றி, மாப்ளே. அடுத்த லீவில் உடுமலையில் இறங்கியதும் போன் பண்ணு, வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.