லாரித் தண்ணீர் கேட்காத பூச்செடிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கத்திரி வெயில் வந்தாலே எங்கள் திருவான்மியூர்ப் பக்கம் அடுக்குமாடி வாசல்களில் காசு கொடுத்து வைத்த ரோஜாவும் புல்தரையும் கருகுகின்றன, உடனே லாரித் தண்ணீரை ஊற்றிக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். உப்புக்காற்றும் மணலுமாக இருக்கும் இடத்துக்கு நித்தியகல்யாணியை விட்டால் வேறென்ன வேண்டும்? ஆடு மாடு கடிக்காது, ஒரு தடவை வைத்தால் போதும், விதை தானே விழுந்து சுவர் இடுக்கில்கூட முளைக்கும். (புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின் மருந்து இந்தச் செடியிலிருந்து வந்ததுதான், ஆனால் செடியை அப்படியே தின்றால் விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம்.)

அப்புறம் அந்திமந்தாரை. சாயங்காலம் மலரும், மிளகு மாதிரிக் கறுப்பு விதை உதிரும், மேலே காய்ந்து போனாலும் அடியில் கிழங்கு இருப்பதால் மழை விழுந்ததும் துளிர்த்துவிடும். பட்டாசுக்காய்ச் செடியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: காய்ந்த காயை எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்தால் சற்று நேரத்தில் பட்டென்று வெடித்து விதையை வீசும், முதல் மழையில் தோட்டத்தில் இதுவே தானாக நடக்கும். கொஞ்சம் அதிகமாகவே பரவும், ஓரமாக விடுங்கள்.

பூ வாடியதும் செடியை வெட்டிவிடாமல் காய் முற்றி உதிரும் வரை விட்டுவைக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். சாலை நடுத்திட்டுகளுக்கும் மாநகராட்சி இந்தச் செடிகளையே யோசிக்கலாம்.

- ஒரு வாசகி, திருவான்மியூர், சென்னை